இம்ப்ளான்ட்டுக்கு ஆயுள் எத்தனை ஆண்டு?

வாசகியர் கேள்விகளுக்கு அறுவை மருத்துவரின் பதில்கள்

மார்பகத்துக்கு அளவோ வடிவமோ தர உள்ளே வைக்கப்படும் சிலிக்கோன் பையான இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுவதற்குமான பொருள் அன்று என்று, சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், அந்தப் பதிலின் மற்ற எல்லா வரிகளுக்கும் வந்தவற்றைவிட அதிகம். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. சிலவற்றில் 'இது என் வீட்டாருக்கே தெரியாது' என்ற குறிப்பு இருந்தது. எனவே எவருடைய அடையாளமும் தெரியாதபடி, ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. 16 ஆண்டுகளுக்கு முன் இரு மார்பகங்களிலும் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். இன்றுவரை வலியோ வீக்கமோ இல்லை. பத்து ஆண்டுகள் ஆனால் கட்டாயம் எடுத்துவிட வேண்டும் என்கிறாள் தோழி. ஒரு தொந்தரவும் இல்லாதபோது எதற்காக மறுபடியும் உடம்பில் கத்தி வைக்க வேண்டும்?

பதில்: தோழி சொல்வதில் பாதி சரி. பத்து ஆண்டு என்பது மருந்துப் புட்டியில் அச்சிட்ட காலாவதி நாளைப் போன்றது அன்று; அந்த நாள் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எவரும் அறுவை மேசையில் ஏற வேண்டியதில்லை. ஆனால் அழகுக்காக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட பெண்களில் ஐந்தில் ஒருவர் வரை, 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு காரணத்தால் அதை எடுக்க வேண்டி வருகிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கூறுகிறது. ஆண்டுகள் கூடக்கூட இந்த வாய்ப்பும் கூடும். இம்ப்ளான்ட் வாழ்நாள் பொருள் அன்று என்பதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே அச்சிட்டுத் தர வேண்டும் என்று அதே நிர்வாகம் 2021 அக்டோபரில் உத்தரவிட்டது.

நான் பிடித்துக்கொள்ள விரும்புவது 'ஒரு தொந்தரவும் இல்லை' என்ற உங்கள் சொல்லைத்தான். உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட் கிழிந்தால் நீர் வடிந்து, உடம்பு அதை உறிஞ்சிக்கொண்டு, சில நாட்களில் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். கண்ணாடி முன் நின்றாலே தெரிந்துவிடும். சிலிக்கோன் ஜெல் அப்படி வடியாது. இம்ப்ளான்ட்டை வைத்த சில வாரங்களிலேயே உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் தானாகவே ஓர் உறையைக் கட்டிவிடுகிறது. இம்ப்ளான்ட்டின் பை எங்கேனும் மடிந்து, மடிந்த இடம் உரசி உரசித் தேய்ந்து கிழிந்தாலும், கெட்டியான ஜெல் அந்த உறைக்குள்ளேயே தங்கிவிடும். அளவு மாறாது, வடிவு மாறாது, வலிக்காது. மருத்துவர்கள் இதை ஓசையில்லாக் கிழிசல் என்கிறோம். தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள மருத்துவராலும் பெரும்பாலும் இயலாது.

இதை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்த ஒருவருக்கு உறையைத் திறந்தபோது, ஒரு பக்கத்திலிருந்து இம்ப்ளான்ட் முழுதாக வழுக்கி வந்தது. மறுபக்கம் பை கசங்கி ஒரு மூலையில் ஒட்டிக் கிடக்க, தேனைவிடக் கெட்டியான ஜெல் கையுறையோடு நூல் நூலாக இழுபட்டு வந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாத அதை, உலர்ந்த துணிகொண்டு துடைத்துத் துடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவரும் உங்களைப் போலவே தொந்தரவு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

ஆகவே நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஸ்கேன், அறுவை அன்று. தொந்தரவே இல்லாதவர்களும் இம்ப்ளான்ட் வைத்து 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் முறையாகவும், பின்னர் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. நீங்கள் 16 ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பார்த்ததாக எழுதவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில், கிழிந்த பை ஜெல்லுக்குள் மூழ்கிச் சுருண்டு, நூடுல்ஸ் இழைகள் போல் தெரியும். இத்தாலிய நூடுல்ஸ் வகை ஒன்றின் பெயரையே கதிரியக்க மருத்துவர்கள் அந்தக் குறிக்குச் சூட்டியிருக்கிறார்கள். கிழிந்திருந்தால் எடுத்துவிட வேண்டும். உறையையும் தாண்டி ஜெல் வெளியேறினால், அது மார்பகத் திசுவில் கட்டிகளாகவும் அக்குளில் நெறிக்கட்டிகளாகவும் தங்கி, அகற்றுவதைக் கடினமாக்கும். கிழியாமல், மிருதுவாக, இடம் மாறாமல் இருந்தால், எடுப்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம்.

கேள்வி: இம்ப்ளான்ட் வைத்து ஒன்பதாவது ஆண்டு. இரண்டு வாரங்களாக இடப் பக்கம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. காய்ச்சல் இல்லை, அடிபடவும் இல்லை. அருகிலுள்ள மருத்துவர் நீர் கோத்திருக்கிறது, ஊசியால் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நீரை எடுக்கலாம், எடுத்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை அந்த மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள்.

அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பின், காரணமின்றி ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கினால், அது மற்றொன்று என்று உறுதியாகும்வரை, இம்ப்ளான்ட்டைச் சுற்றிய உறையில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோயை மனத்தில் வைத்துத்தான் நாங்கள் பரிசோதிக்கிறோம். அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமா என்பது அதன் பெயர். இது மார்பகப் புற்றுநோய் அன்று. நோயெதிர்ப்பு அணுக்களில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய். இம்ப்ளான்ட்டோடு தொடர்புடையதாக முதல் நோயாளியைப் பற்றிய குறிப்பு 1997-இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக 2016-இல் ஏற்றது. பெரும்பாலும் இம்ப்ளான்ட் வைத்து 8 முதல் 10 ஆண்டுகள் கழித்து, மேற்பரப்பு சொரசொரப்பாகச் செய்யப்பட்ட வகைகளில்தான் வருகிறது. இம்ப்ளான்ட் நழுவாமல் திசுவோடு பற்றிக்கொள்ளட்டும் என்று செய்த சொரசொரப்பே நாட்பட்ட அழற்சிக்கு இடமாகிவிட்டது எனக் கருதப்படுகிறது. 2019 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் கணக்கில் உலகெங்கும் 573 நோயாளிகளும் 33 மரணங்களும் இருந்தன. அவர்களில் 481 பேருக்கு இருந்தவை அலர்கன் நிறுவனத்தின் இம்ப்ளான்ட்டுகள். அந்த மாதமே அந்நிறுவனத்தின் பயோசெல் வகை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

எடுத்த நீரை உயிரணுப் பரிசோதனைக்கு அனுப்பி, சி.டி. 30 என்ற குறியீட்டையும் பார்க்கும்படி எழுதித் தர வேண்டும். அது எழுதப்படாவிட்டால் சாதாரணப் பரிசோதனையில் தவறிப்போகலாம். நோய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி. பெரும்பாலோருக்கு அப்படித்தான் வருகிறது. நோய் இருந்தாலும், உறைக்குள் அடங்கியிருக்கும் கட்டத்திலேயே இம்ப்ளான்ட்டையும் உறையையும் முழுமையாக அகற்றினால் பெரும்பாலோர் அறுவையோடு குணமடைகிறார்கள். இந்த வாரமே போங்கள்.

சொரசொரப்பு வகை வைத்திருந்தும் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு அச்சத்தில் ஓடி எடுக்க வேண்டியதில்லை. நோய் அவ்வளவு அரிதென்பதால் அவர்களுக்குக் கண்காணிப்பே போதும் என்றுதான் அமெரிக்க நிர்வாகமும் 2019-இல் சொன்னது. உறையில் ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோய் தோன்றியதாகவும் 2022 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. அப்போது அறியப்பட்டவர்கள் 20 பேருக்கும் குறைவு.

கேள்வி: வைத்த மூன்றாம் ஆண்டிலிருந்து தீராத அசதி, மூட்டு வலி, மறதி, முடி உதிர்தல். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறதாம். 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டார். இம்ப்ளான்ட்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மனப்பிரமை என்று சொன்னது தவறு. இம்ப்ளான்ட்தான் காரணம் என்று நான் உறுதி சொன்னால் அதுவும் தவறாகிவிடும்.

இந்தச் சண்டைக்கு வயது அதிகம். முதல் சிலிக்கோன் இம்ப்ளான்ட் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1962-இல் வைக்கப்பட்டது. மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது 1976-இல். அதற்குள் அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பாதுகாப்பை நிரூபிக்கும் சான்று போதாது என்று 1992-இல் அழகுக்கான பயன்பாடு நிறுத்தப்பட்டது. வழக்குகள் குவிந்தன, தயாரிப்பாளரான டவ் கார்னிங் 1995-இல் திவாலானதாக அறிவித்துக்கொண்டது. பின்னர் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அறிவியல் அமைப்பு ஆய்வுகளை எல்லாம் திரட்டி 1999-இல் வெளியிட்ட அறிக்கையில், லூபஸ் போன்ற உடல் முழுவதையும் தாக்கும் நோய்களுக்கு இம்ப்ளான்ட் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும், கிழிசல், இறுக்கம், தொற்று, மறு அறுவை ஆகிய மார்பகத்தளவிலான தொல்லைகளே பெரிய கேடு என்றும் முடிவு சொன்னது. 2006 நவம்பரில் தடை விலகியது.

ஆனால் நோயாளிகள் சொல்வது நிற்கவில்லை. நீங்கள் எழுதிய அதே அறிகுறிகளை ஆயிரக்கணக்கானோர் சொல்கிறார்கள். 'இம்ப்ளான்ட் நோய்' என்று அவர்களே அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டுவதில்லை. எவருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. எனினும் எடுத்த பின் பலருக்கு அறிகுறிகள் குறைகின்றன என்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன, மேலே சொன்ன 2021 எச்சரிக்கையிலும் இந்த அறிகுறிகள் இடம்பெற்றுள்ளன. சான்று இல்லை என்பதற்கும் பாதிப்பு இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் துறை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது.

முதலில் தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் டி மற்றும் பி12 குறைபாடு, முடக்குவாதம், மாதவிடாய் நிற்கும் காலத்தின் மாற்றங்கள், மனச்சோர்வு ஆகியவற்றை முறையாகப் பார்த்து விலக்குங்கள். இவற்றுக்கு எளிய மருத்துவம் உண்டு, இவை இருக்கும்போது இம்ப்ளான்ட்டை எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். எல்லாம் சரியாக இருந்தும் அசதி நீடித்தால், குணமாகும் என்ற உத்தரவாதம் இன்றி, குணமாகலாம் என்ற நியாயமான நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். அந்த உத்தரவாதத்தை எவரேனும் தந்தால் அவரிடம் செல்ல வேண்டாம்.

கேள்வி: வலப் பக்கம் கல்லாக இறுகி மேலே ஏறிவிட்டது. மசாஜ் செய்தால் இளகுமா?

பதில்: உடம்பு கட்டிய உறை சுருங்கி இம்ப்ளான்ட்டை நெருக்குகிறது. இதை நான்கு படிகளாகப் பிரிக்கிறோம்: மிருதுவானது, சற்று இறுகினாலும் பார்வைக்குத் தெரியாதது, இறுகி வடிவம் மாறியது, அதோடு வலியும் சேர்ந்தது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்றாம் படியாகத் தோன்றுகிறது. மூன்றாம், நான்காம் படிகளுக்கு அறுவைதான் தீர்வு. ஒரு காலத்தில் மருத்துவர்களே இரு கைகளாலும் மார்பகத்தை அழுத்திப் பிழிந்து உறையை வெடிக்கச் செய்தார்கள். உறையோடு இம்ப்ளான்ட்டும் வெடித்ததால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. மசாஜ் என்ற பெயரில் அதையே எவரும் உங்களுக்குச் செய்ய விடாதீர்கள். புதிய இம்ப்ளான்ட் வைத்தால் இறுக்கம் மறுபடியும் வரலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: மேமோகிராம் எடுக்கும்போது நசுக்குவார்களே, உடைந்துவிடாதா? பயந்து இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டேன்.

பதில்: தள்ளிப் போட்டதில்தான் ஆபத்து அதிகம். அழுத்தத்தால் உடைவது மிக அரிது. ஆனால் இம்ப்ளான்ட் மறைக்கும் திசுவில் ஒரு சிறு கட்டி காணாமல் போவது அரிதன்று. படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், இம்ப்ளான்ட்டைப் பின்னுக்குத் தள்ளி மார்பகத் திசுவை மட்டும் முன்னிழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார். கிழிசலைக் கண்டுபிடிக்க மேமோகிராம் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வேலைக்கு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும்.

கேள்வி: தாய்ப்பாலில் சிலிக்கோன் கலக்குமா?

பதில்: கலந்து குழந்தைக்குத் தீங்கு விளைவித்ததாகக் காட்டப்படவில்லை. மணலிலும் மண்ணிலும் உள்ள தனிமம் சிலிக்கான்; அதிலிருந்து செய்யப்படும் ரப்பர் போன்ற பொருள் சிலிக்கோன். பாலில் அளக்க முடிந்த சிலிக்கான், இம்ப்ளான்ட் உள்ள தாய்மாரிடம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை, பசும்பாலிலோ அதைவிடக் கூடுதல். காம்பைச் சுற்றிக் கீறி வைத்திருந்தால் பால் குறையலாம் என்பதுதான் உண்மையான கவலை.

கேள்வி: எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். உறையோடு ஒரே துண்டாக எடுக்காவிட்டால் நஞ்சு உடம்பிலேயே தங்கிவிடும் என்று படித்தேன். என் மருத்துவரோ அது தேவையில்லை என்கிறார். யாரை நம்புவது? எடுத்த பின் எப்படி இருக்கும்?

பதில்: இந்தக் கேள்வி எட்டுக் கடிதங்களில் வந்தது, எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறையைத் திறக்காமல், இம்ப்ளான்ட்டும் உறையும் சுற்றியுள்ள திசுவின் ஓரமும் ஒரே துண்டாக வருமாறு எடுப்பது புற்றுநோய்க்கான அறுவை. நோய் உறுதியானால் அதைத்தான் செய்ய வேண்டும், விவாதமே இல்லை. கிழிந்த இம்ப்ளான்ட்டாக இருந்தாலும், கெட்டித்துச் சுண்ணாம்பு படிந்த உறையாக இருந்தாலும், முடிந்தவரை உறை முழுவதையும் எடுப்பது நல்லது. ஜெல் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் மெல்லிய, மிருதுவான உறை தசைக்கு அடியில் விலா எலும்புகளோடு ஒட்டியிருக்கும்போது, ஒரே துண்டாகத்தான் வர வேண்டும் என்ற பிடிவாதத்தில் உரித்தால் நுரையீரல் உறை கிழிந்து காற்று புகலாம். அந்த இடத்தில் ஒரு சிறு பகுதியை விட்டுவைப்பதைக் குறையென்று சொல்ல மாட்டேன். அசதி, மூட்டு வலி போன்றவற்றுக்காக எடுத்துக்கொண்டவர்களை ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், உறையை ஒரே துண்டாக எடுத்தவர், பிரித்து எடுத்தவர், ஒரு பகுதி மட்டும் எடுத்தவர் ஆகிய மூவகையினருக்கும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன. ஆக, உங்கள் மருத்துவரிடம் 'ஒரே துண்டாக எடுப்பீர்களா' என்று கேட்பதைவிட, 'என் உறை எந்த நிலையில் இருக்கிறது, அதில் எவ்வளவை எடுப்பீர்கள், ஏன்' என்று கேட்பதே பயன் தரும்.

அறுவை முழு மயக்கத்தில், உறையின் நிலையைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மணி நேரம் நடக்கும். பெரும்பாலும் மார்பகத்தின் அடி மடிப்பில் உள்ள பழைய தழும்பு வழியாகவே திறப்போம். உறையை அகற்றியிருந்தால் நீர் வடிவதற்குச் சில நாட்கள் மெல்லிய குழாய் இருக்கும். கனமான எதையும் நான்கு முதல் ஆறு வாரங்கள் தூக்கக் கூடாது. புகைப் பழக்கம் இருந்தால் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். காயத்தின் விளிம்பில் தோல் கறுத்துப் போவதற்கு அது முக்கியக் காரணம்.

தோற்றத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆலோசனை அறையில் இதுதான் அவசரமாகக் கடந்துபோகப்படுகிறது. கட்டை அவிழ்க்கும் முதல் நாள் பார்ப்பது இறுதித் தோற்றம் அன்று. தோல் தளர்ந்து, மேல்பகுதி குழிந்து, இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாதது போல் இருக்கும். பல மாதங்களில் தோல் ஓரளவு சுருங்கி, நசுங்கியிருந்த திசு மெல்ல விரிந்து, வடிவம் திரும்பும். ஆனால் பெரிய இம்ப்ளான்ட்டை நீண்ட காலம் வைத்திருந்தவருக்கு, அதன் அழுத்தத்தால் சொந்தத் திசுவே மெலிந்திருக்கும். அது இம்ப்ளான்ட்டுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பாது. வேண்டுமானால் மார்பகத்தைத் தூக்கித் தைக்கலாம், தொடையிலோ வயிற்றிலோ இருந்து கொழுப்பு எடுத்து நிரப்பலாம். இவற்றை அதே அறுவையிலேயே செய்வதா, ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செய்வதா என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்து உண்டு. நான் பொறுக்கச் சொல்லும் கட்சி. தேவைப்படாது என்று பின்னால் உணர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிவிட்டு அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே மூடுவதற்குத் திசு குறைவு, கதிர்வீச்சு பெற்ற தோல் ஆறுவது கடினம். எடுப்பதோடு, வயிற்றுத் திசு அல்லது முதுகுத் தசை கொண்டு மறுசீரமைப்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அப்படிக் கடிதம் எழுதிய மூவரும் மருத்துவக் குறிப்புகளோடு தனியே எழுதினால் பதில் அனுப்புகிறேன்.

கேள்வி: 2008-இல் வெளிநாடு ஒன்றில் வைத்துக்கொண்டேன். என்ன நிறுவனம், என்ன வகை என்று எதுவும் தெரியாது. அட்டை ஒன்று தந்த நினைவு. வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: அந்த அட்டை முக்கியம். நிறுவனத்தின் பெயர், வகை, அளவு, தொகுதி எண் ஆகியவற்றைப் பெட்டியிலிருந்து பிய்த்து ஒட்டிய சிறு ஒட்டுத்தாள் அதில் இருந்திருக்கும். அதன் மற்றொரு பிரதி உங்கள் அறுவைக் குறிப்பேட்டிலும் ஒட்டப்பட்டிருக்கும் என்பதால், அந்த மருத்துவமனைக்கு அறுவை நடந்த தேதியோடு எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவேடுகளைக் காலப்போக்கில் அழித்துவிடுவதும் உண்டு, எனவே தாமதிக்க வேண்டாம்.

நீங்கள் குறிப்பிடும் ஆண்டு என்னைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது. பிரான்சின் பிப் என்ற நிறுவனம், மருத்துவத் தரமற்ற தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பிய இம்ப்ளான்ட்டுகளைப் பல நாடுகளில் விற்றுவந்த காலம் அது. உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பெண்களின் உடலில் அவை வைக்கப்பட்டன. 2010-இல் மோசடி வெளிப்பட்டு நிறுவனம் மூடப்பட்டது, நிறுவனர் ழான் குளோத் மாஸுக்கு 2013-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவை மற்றவற்றைவிட எளிதில் கிழிந்ததால், தொந்தரவு இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவது நல்லது என்று பிரெஞ்சு அரசு 2011 டிசம்பரில் பரிந்துரைத்தது.

உங்களுடையது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவேடு கிடைக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள். கிழிசல் இருந்தாலோ, இல்லாவிட்டாலும் இன்னதென்று தெரியாத ஒன்றை வைத்திருக்க மனம் ஒப்பாவிட்டாலோ, எடுத்துவிடலாம். எடுக்கும்போது முன்கூட்டியே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இம்ப்ளான்ட்டின் இரு பக்கமும் தெரியும் புகைப்படம், உறையின் நோயியல் அறிக்கை, இம்ப்ளான்ட்டின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளின் குறிப்பு. பல நிறுவனங்கள் தங்கள் முத்திரையையும் அளவையும் அங்கே பொறித்திருக்கும். ஜெல்லைத் துடைத்துவிட்டு விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.